இல்லாத எழுத்து

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குக் கண்ணுக்காரர் என்றே பெயர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டு மாடியறையில் குடியிருந்தார். சாப்பாடு கீழே, தம்பி குடும்பத்தோடு. அந்த மேசையை விட்டால் அவரிடம் பேச உலகத்தில் ஒரு நாதி கிடையாது.

அன்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் அந்தத் தம்பியேதான். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவன். சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, அடியில் பொடி எழுத்து. தம்பி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தடதடவென்று ஒப்பித்தான். அடிவரியின் கடைசி 'ம' வரை விடவில்லை.

கண்ணுக்காரர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்த 'ம' உரிந்து விழுந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த இடத்தில் இருப்பது வெறும் வெள்ளை. தம்பி மகள் எழுத்துப் படிக்கட்டும் என்று இதே மாதிரிப் பலகை ஒன்றை அவர்தான் வீட்டில் மாட்டியிருந்தார். படித்தது மகள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

விதிப்படி தம்பி தேறிவிட்டான். எழுத்தைச் சொன்னால் போதும். பார்த்துச் சொன்னானா, மனப்பாடமா என்று விதி கேட்பதில்லை. பத்துக் கட்டளைகளிலும் எழுத்துப் பலகையைப் பற்றிப் பேச்சே இல்லை. முத்திரையைக் குத்திவிட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. உள்ளே இருக்கிற ஒருவன்தான் வாயை மூட மாட்டேன் என்றான். மனச்சாட்சி என்று ஒன்றைக் கர்த்தர் வைத்தாரே, சாத்திவைக்க அதற்கொரு கதவையும் வைத்திருக்கக் கூடாதா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

எழுந்துபோய், அலமாரியிலிருந்து வேறு பலகையை எடுத்து மாட்டினார்.

"இதைப் படிப்பா."

"எதுக்கு? அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"படி."

தம்பி கண்ணை இடுக்கினான். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டான்.

"கொஞ்ச நாளா ஓரமெல்லாம் இருட்டுண்ணே. இப்ப நடுவுலயும் மங்குது. போன பார்வை திரும்பாதுன்னுட்டார் டாக்டர். வேலையும் போச்சுன்னா வீட்டுல என்னத்தைச் சாப்பிடறது? உன்னையும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

"வண்டியில பிள்ளைங்க இருக்காங்கடா."

"இதுவரைக்கும் ஒரு கீறல் பட்டிருக்கா? கோயில்ல ஊரையே மன்னிக்கறே, எனக்கு ரெண்டு வரி மன்னிக்க மாட்டியா?"

"மன்னிச்சுட்டேன்டா. கையெழுத்துதான் போட மாட்டேன்."

அன்றிலிருந்து சாப்பாடு மாடிக்கு வந்துவிட்டது. தட்டு வாசலில் இருக்கும். வைத்தவர் இருக்க மாட்டார். தம்பி மனைவி உப்பு, காரம் எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு வார்த்தை மட்டும் வைக்கவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தம்பி அவரைப் பார்க்காமலே கடந்து போனான்.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னார். "நீங்க செஞ்சது சரிதான்" என்றார் பாதிரியார். அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். மனச்சாட்சி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. அவர் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தது. கடைசி வரிசையில் இருந்தவர் துணிந்து முன்னே நடந்தார். தம்பி உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் போய் நின்று கையை நீட்டினார். தம்பி திரும்பியதும் சமாதானம் சொல்லலாம் என்று நின்றார். தம்பி திரும்பவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பின்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். எத்தனை கோபம் இருந்தால் ஒருவன் கோயிலுக்குள்ளேயே இப்படி இருப்பான் என்று நினைத்துக் கையை மடக்கப் போனார்.

"என்னங்க, உங்க அண்ணன் கை நீட்டிக்கிட்டு நிக்கறாருங்க" என்றாள் தம்பி மனைவி.

தம்பி பதறி எழுந்தான்.

"அண்ணனா? எங்கே? அண்ணே, எந்தப் பக்கம் நிக்கறே?"

அவன் கை அவர் இல்லாத பக்கம் காற்றைத் தடவியது. கர்த்தரே, இது கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று கெஞ்சியபடி, கண்ணுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.