இந்திராதேவியின் கை

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் எடுத்து, ஒரு கிழமைகூட ஒழுங்காக ஓடாத கடற்கரைப் படமொன்றை மொன்ட்ரியாலில் மண்டபம் பிடித்துத் திரும்பப் போடுகிறார்கள் என்றதும், இந்திராதேவி லவாலிலிருந்து மெத்ரோ ரயில் ஏறிவிட்டாள். கதாநாயகியே அவள்தான். ஆனால் அவள் புறப்பட்டது படத்துக்காக அல்ல. கதாநாயகன் அம்புறோஸும் வருகிறாராம்.

படமா அது! பெடியன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கசூரினாக் கரையில் எடுத்தது. இருந்தது ஒரேயொரு கறுப்புக் கண்ணாடி. அதை எவன் போடுகிறானோ அவன்தான் அந்தக் காட்சியில் பணக்காரன். இருந்த ஒரே பெல்பொட்டம் காற்சட்டை நனைந்தால், காயும்வரை படப்பிடிப்பு நிற்கும்.

பெடியனின் விரல்கூட மேலே படக்கூடாது என்று சொல்லித்தான் அம்மா அவளை நடிக்க விட்டாள். விட்டதோடு நில்லாமல் குடையோடு வந்து கமராவுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். கைகோர்க்கும் காட்சிக்கு என்ன செய்வது? கமரா தூக்குகிற அருமைநாதனின் கையை மழித்து, சவர்க்காரம் பூசி அவளுடைய வளையல்களை ஏற்றினார்கள். அந்தக் கையைத்தான் அம்புறோஸ் பிடித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள். அவன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன்; அவள் வீட்டார் சைவக்காரர். அதற்குமேல் ஒன்றும் நடக்க வழியில்லை. பிறகு அவளுக்குக் கலியாணம், நாட்டில் சண்டை, கனடா. அவனுடைய கையை ஒருதரம் பிடித்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் போகவேயில்லை.

மண்டபத்தில் அம்புறோஸை மகள் ஜெனாட் கையில் பிடித்துக் கூட்டிவந்து இந்திராதேவிக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

"அப்பாவுக்கு மறதி வருத்தம் அன்ரி. சிலநேரம் என்னையே ஆரெண்டு கேப்பார்."

திரையில் அந்த இரண்டு கைகளும் வந்தன. அம்புறோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் நீரும்," என்றார். "உம்மடை கை சில்லெண்டு இருந்தது. எனக்கு விட மனமில்லை. ஞாபகம் இருக்கோ?"

"வீட்டிலையும் இந்தக் கதைதான் அன்ரி," என்றாள் ஜெனாட். "மற்றதெல்லாம் மறந்துபோட்டுது."

அது அருமைநாதனின் கை என்று சொல்ல இந்திராதேவிக்கு வாய்வரை வந்தது.

"ஓம்," என்றாள். "கடல் தண்ணி குளிர்தானே."

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். இந்திராதேவிக்குப் பொறாமையாக இருந்தது. எல்லாவற்றையும் மறந்த மனிசனுக்கு அவளுடைய கை கிடைத்துவிட்டது. ஒன்றையும் மறக்காத அவளுக்கு இன்னும் அவருடைய கை கிடைக்கவில்லை. அது பக்கத்துக் கதிரையில், மகளின் பிடிக்குள் இருந்தது.