பூட்டிய கார்

அன்று காரைத் தூக்கியவர்கள் எட்டுப் பேரா பத்துப் பேரா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. கார் சிவப்பு என்றுதான் ஞாபகம். அதன் சொந்தக்காரி லினெட் அதையே மறுக்கிறாள். மழை பெய்தது மட்டும் நிஜம்.

அப்போது எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெல்பர்ன் போகிறவர்கள் இரவு காரை நிலையத்து வாசலில் விட்டுப் போவார்கள். சாவி முன்சக்கரத்தின் மேல் இருக்கும். பக்கத்து ஓடை பெருகினால் யாராவது மேட்டுக்கு ஓட்டிப் போக வேண்டுமே. புதிதாக வந்திருந்த நர்ஸ் லினெட்டிடம் இதைச் சொன்னேன்.

"சாவிய வெளிய வெச்சா அதுக்குப் பேரு பாதுகாப்பா?" என்றாள். பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தகப்பனிடம் வளர்ந்த மகள் இமோஜனை அழைத்துவர மெல்பர்னுக்கு ரயிலேறினாள். ஊர் பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன் என்று அந்தச் சிறுமி சொல்லியிருந்தாளாம்.

மறுநாள் காலை ஓடை பெருகியது. மற்ற கார்களை ஓட்டிப் போய்விட்டோம். லினெட்டின் கார் பிரேக் போட்டு நின்றது, தள்ளவும் முடியாது. தூக்கிப் போக உள்ளூர் ஃபுட்பால் பையன்களைக் கூப்பிட்டேன்.

"உள்ள என்ன மச்சான், கல்லு வெச்சிருக்காங்களா?" என்று மூச்சிரைத்தான் அவர்களில் ஒருவனான ரஸ்.

"நீ சும்மா கைய வெச்சுட்டு நடந்துதானடா வர்ற!" என்றான் இன்னொருவன்.

மதிய ரயிலில் இருவரும் இறங்கினார்கள். கார் நின்ற இடத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. லினெட் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இமோஜன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் மேட்டைக் கைகாட்டினேன். அங்கே நெட்பால் மைதானத்துக் கம்பத்தடியில் கார். சுற்றிலும் இடுப்புவரை சேறோடு பையன்கள்.

"பூட்டி வெச்சேன்னு சொன்னியேம்மா? எப்படி அங்க போச்சு?"

"தூக்கிட்டுப் போனோம்" என்றேன்.

"காரையா?"

"சிஸ்டர், அடுத்த தடவ பூட்டுறதா இருந்தா சின்ன காரா வாங்குங்க!" என்று மேட்டிலிருந்து கத்தினான் ரஸ்.

பெட்டி பிளாட்பாரத்தில் விழுந்தது. இமோஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு வாட்டி தூக்குவாங்களா? நான் உள்ள உக்காந்துக்கிறேன்."

தூக்கினார்கள். ஜன்னல் வழியே அவள் ராணிபோலக் கையசைத்தாள். லினெட் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இமோஜன் திரும்பிப் போகவில்லை. இப்போது இதே தடத்தில் ரயில் ஓட்டுகிறாள். ரஸ் கோதுமை லாரி வைத்திருக்கிறான். லினெட் இன்னும் நர்ஸ்தான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மாலையில் லினெட் வீட்டில் இருவரும் தேநீர் குடிக்கிறோம்; காரின் நிறத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை.