கட்டிலருகே சொன்ன வார்த்தை

டாக்டர் இன்பசேகரனின் வார்டில், அசைவற்றுக் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்று யாரும் எதுவும் பேசக்கூடாது. வராந்தாவுக்குப் போய்த்தான் பேச வேண்டும். எண்பதுகளில், மூளை நரம்புக்கு மதுரையில் அவரை விட்டால் ஆளில்லை என்றான பிறகு அந்த வழக்கமும் பேர்பெற்றுவிட்டது.

எழுபத்தெட்டில் அப்படி இல்லை.

அந்த வருஷம் கோச்சடை இருளாயியைக் கட்டுவிரியன் கடித்தது. மூச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது. தொண்டைக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அவள் புருஷன் சுருளியும் மச்சினனும் மாறி மாறி அமுக்கித்தான் உயிர் ஓடியது. இன்பசேகரன் கண்ணில் டார்ச் அடித்தார். கிள்ளினார். அசைவே இல்லை.

"மூளை போயிருச்சுப்பா. பையை விட்டுரு."

"கை வலிக்கலீங்கய்யா" என்றான் சுருளி. விடவில்லை.

ஆறாம் நாள் அவள் இமை திறந்தது. வீட்டுக்குக் கிளம்பும் அன்று டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"விட்டுரச் சொன்னீகள்ல? கேட்டுக்கிட்டுத்தான்யா கெடந்தேன். கிள்ளுனது, வெளிச்சம் அடிச்சது, அம்புட்டும் தெரிஞ்சுச்சு. கத்தத்தான் முடியல." புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இந்த மனுசன் ஒருநாளும் சொன்ன பேச்சக் கேட்டதில்ல. அதான் பொழச்சேன்."

வார்டே சிரித்தது. இன்பசேகரன் மட்டும் அவள் கிடந்த கட்டிலையே பார்த்தார்.

அதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் அதே கட்டில், அதே கடி. திருமங்கலத்துப் பக்கம் மொக்கைச்சாமி. அவன் மனைவி சின்னத்தாய் சொன்ன பேச்சைக் கேட்பவள். பையிலிருந்து கையை எடுப்பதற்கு முன் ஒன்றுதான் கேட்டாள்.

"அவுகளுக்குத் தெரியுமாய்யா?"

"ஒண்ணும் தெரியாதும்மா."

அதையும் கட்டிலருகே நின்றுதான் சொன்னார்.

இருளாயி வீட்டுக்குப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சின்னத்தாயின் ஊருக்குப் பஸ் ஏறிப்போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார். களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த சின்னத்தாய் அவரைக் கண்டு பதறி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"புருசனக் கொன்னவன்னு ஊரே ஏசுச்சுய்யா. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பெரிய டாக்டரே சொன்னாகன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தையிலதான் ராத்திரி கண்ண மூடுறேன்." அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சிருக்காதுல்லய்யா?"

அவர் செம்பைத் தூக்கி அண்ணாந்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"தெரியாதும்மா" என்றார்.