கைராசிக்காரியின் கத்தி

1

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதை சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டேன், சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் எனக்கு மனசு லேசாகும்.

போன வாரம் சமையலுக்கு ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினேன். உள்ளே பழுப்பாக ஒரு வளையம். அழுத்தினால் வெள்ளையாகக் கசிந்தது. காய்கறிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வாடல் நோய்ம்மா. செடியிலயே வந்தது. மருந்தே கிடையாது. வேற கிழங்கு தர்றேன்" என்றார். வேறு கிழங்கை வாங்கிச் சமைத்துவிட்டேன். பழையது கதையாகிவிட்டது.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: "காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் உருளைக்கிழங்குத் தோட்டத்தை—"

அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: "ஓர் ஊரில் ஒரு பாக்டீரியா—"

அதற்குக் கதாநாயகனாகும் தகுதி உண்டு. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது.

மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம்: "பெரியவளின் செடிகள் மதியத்தில் துவண்டன, சாயங்காலம் நிமிர்ந்தன, தாகம் என்று நினைத்து அவள் இன்னும் தண்ணீர் பாய்ச்சினாள்."

3

பெரியவள் யார் என்று சொல்லவில்லையே. வாய்க்காலின் மேல்தலையில் அவளுடைய தோட்டம். அடுத்தது அவள் ஓரகத்தி சின்னவளுடையது. அதற்குக் கீழே இன்னும் சில வீட்டாருடையவை. எல்லாம் கையகலத் தோட்டங்கள்.

விதைக்கிழங்கை முளைக்கண் பார்த்துத் துண்டுபோடுவது அத்தனை வீட்டுக்கும் பெரியவள்தான். அவள் கைபட்ட துண்டு அழுகாது என்று பேச்சு. கைராசிக்காரி என்பதே அவள் பெயராகிவிட்டது. கத்தியை யாரிடமும் தர மாட்டாள். கழுவவும் மாட்டாள். கழுவினால் ராசி போய்விடுமாம்.

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரியை நீங்கள் நம்புவீர்களா? பிறகு, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பாரே என்று நினைத்துக்கொண்டேன்.)

அவள் மட்டும் இந்தப் பருவம் முன்கூட்டியே நட்டுவிட்டாள். மற்றவர்களுக்கு நாளை நடவு. அவர்களுக்கான துண்டுகள் அவள் வீட்டு முன்னறையில் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கின்றன. அவள் நட்ட அதே கிழங்கு. அதே கத்தி.

4

மதியம் சின்னவள் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கும் படுத்துக்கிச்சா?"

"வெயில்டி. சாயங்காலம் வந்து பாரு, எழுந்து நின்னு உனக்குக் கும்பிடு போடும்."

"தாகம்னா மண்ணு காஞ்சிருக்கணும். இங்க செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது."

"உன் செருப்பு மாட்டினா என் செடிக்கு நோயா?"

சின்னவள் துவண்ட செடி ஒன்றை அடியில் அறுத்தாள். தண்டின் வெட்டுவாய் நீரில் படும்படி டம்ளரில் பிடித்தாள்.

"வெள்ளையா நூல் எறங்கினா நோய். ரேடியோல சொன்னாங்க."

"எறங்கலைன்னா?"

"உங்க கால்ல விழறேன்."

"எழுப்பிவிட மாட்டேன், தெரிஞ்சுக்கோ."

5

நூல் இறங்காமல் இருக்க நான் முயற்சி செய்தேன். "டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே—" என்றுகூட எழுதினேன். உங்களில் உருளை போடுகிறவர்கள் இருப்பீர்கள்.* என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

இறங்கியது. பாலில் திரித்ததுபோல் ஒரு நூல், அவசரமே இல்லாமல், டம்ளரின் அடியைத் தொட்டது.

"டம்ளரை நீ கழுவல" என்றாள் பெரியவள்.

"கழுவினேன்க்கா. நான் கழுவுவேன்."

பெரியவள் எழுந்துபோய் மண்ணைத் தள்ளி வாய்க்காலை அடைத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நீங்க சொல்ல வேண்டியது அது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். அப்புறம் உங்க முகத்துல முழிக்க முடியாது. அதான் முதல்ல இங்க வந்தேன்."

"கைராசிக்காரின்னு இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட மாட்டாங்கக்கா."

ஆறுதலாக ஏதாவது சொல்லடி என்று நான் அவளைத் தூண்டிப் பார்த்தேன். சொல்லவில்லை.

*வாடிய செடியைக் கிழங்கோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அள்ளி அப்புறப்படுத்துங்கள். அங்கிருந்து தண்ணீர் கீழே போகக் கூடாது. அந்த மண்ணில் சில வருஷம் உருளை, தக்காளி, கத்தரி வேண்டாம். கத்தியைக் கொதிநீரில் போடுங்கள்; ஒரு கிழங்கின் நோயை அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோவது அதுதான். கதைக்கு நடுவே இதெல்லாம் எதற்கு என்பவர்கள் தாண்டிப் போகலாம்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் பெரியவள் உண்மையைச் சொல்ல, எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நாளை நடவை வைத்துக்கொண்டு விதை இல்லாமல் நிற்பவர்கள் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் மூட்டைகளைப் புதைத்துவிட்டு, எலி தின்றுவிட்டது என்றாள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த பருவமும் அதே கத்தியை எடுப்பாளே.

மூன்றாவதில் இருவருமே வாய் திறக்கவில்லை. எழுதும்போதே கீழ்த்தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் துவண்டன. கிழித்துவிட்டேன்.

7

மீதி இருப்பது இவ்வளவுதான்.

காலை. வாசலில் காலிச் சாக்குகளோடு ஆட்கள். மூடிய கதவுக்கு முன்னால் பெரியவள். அவளுக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற அளவுக்கு நெருங்கிச் சின்னவள்.

"கைராசிக்காரம்மா, எங்களுக்கு முதல்ல எடுத்துக் குடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

"எல்லாரும் கொஞ்சம்—" என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இந்த வாக்கியத்தின் மீதி உங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அவளை அழவைக்காதீர்கள். அவள் அந்த ரகம் இல்லை. சாக்கோடு நிற்பவர்களில் உங்களையும் ஒருவராக நிறுத்திக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய கெட்ட செய்தி எதுவானாலும் நடவுக்கு முன்பே வரட்டும். அதைச் சொல்ல வருகிறவருக்கு உங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள்.