தபித்தாளின் மூச்சு

கிளென்மார்கன் சுவிசேஷமுத்து மிருதங்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாடுகிறவர்களுக்குக் கவலை இல்லை என்று கோயமுத்தூர் வரைக்கும் பேர் இருந்தது. ஊட்டிப் பக்கத்தில் அந்தத் தேயிலை எஸ்டேட்டின் ஆபீசில் குமாஸ்தா வேலை. துரை லீவு கொடுத்தால் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவருடைய மனைவி தபித்தாள் கீர்த்தனை பாடுவாள், அவர் வாசிப்பார்.

தபித்தாளுக்கு நெஞ்சில் நோய் வந்தது. பாட்டை விடச் சொன்னார் டாக்டர். அவள் விடவில்லை. ஒரு வரியை முழுதாகப் பாட முடியாமல் நடுவில் மூச்சு அறுந்துபோகும். அந்த இடம் வருவதற்கு முன்பே அவருடைய இடது கை மிருதங்கத் தோலை அழுத்தித் தேய்த்து, கும்மென்று ஒரு நீண்ட கும்காரத்தை எழுப்பிவிடும். அது அடங்குவதற்குள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லைப் பிடிப்பாள். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே கொஞ்ச காலம் ஓடியது. 1933 மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள்.

அடுத்த மே மாதம், ஊட்டி சீசன் கச்சேரிக்குக் கோயமுத்தூரிலிருந்து மரகதம் பாட வந்திருந்தாள். சுவிசேஷமுத்துதான் மிருதங்கம். அன்று மேகம் மண்டபத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஈரத்தில் தோல் தளர, அவர் கரிச்சட்டிச் சூட்டில் காட்டிக் காட்டிச் சுருதி சேர்த்தார்.

முதலில் பாடியவை நன்றாகவே போயின. பிறகு நிதானமான ஒரு பாட்டு. மரகதம் வரியின் நடுவில் இருந்தபோது, தேவையே இல்லாத இடத்தில், அந்தக் கும்காரம் எழுந்தது. உடனே அவள் காதோரம் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். மரகதம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் ஜமக்காளம்தான் கிடந்தது. மறுபடி அதே வரி, மறுபடி மூச்சு. எப்படியோ பாட்டை முடித்தாள்.

கச்சேரி கலைந்ததும் அவரிடம் வந்தாள்.

"ஏனுங்க, நடுவுல எதுக்கு அப்புடிக் கைய எறக்குனீங்க?"

"தானாப் போகுதுங்க. என்ற சம்சாரத்துக்கு வாசிச்ச பழக்கம். மன்னிச்சுக்கோங்க."

"அவங்க எங்கீங்க?"

"போன மழைக்குத் தவறிட்டா."

மரகதம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "என்ற பக்கத்துல ஒரு பொம்பள மூச்சு வாங்குனாங்க. நீங்க கைய எறக்கும்போதெல்லாம்."

அவர் பயப்படவில்லை. கிட்டே வந்தார். "இருமுனாளா?"

"இல்லீங்க. மூச்சு மட்டுந்தான்."

"எனக்குக் கேக்கலீங்களே," என்றார்.

அதற்குப் பிறகு எந்தக் கச்சேரி முடிந்தாலும் பாடியவரிடம் போய், "ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். பாலக்காட்டில் ஒருவர் பாதிப் பாட்டில் வெளிறிப்போய் மேடையை விட்டே இறங்கிவிட்டார். பேச்சு பரவியது. யாரும் கூப்பிடவில்லை. ஆபீஸ் வேலையும் போயிற்று.

இதைக் கேள்விப்பட்டு, மறு வருஷம் மரகதம் கிளென்மார்கனுக்கே தேடி வந்தாள். அவர் மெலிந்து எலும்பாகியிருந்தார். எதிரில் ஒரு காலிப் பாயை விரித்து, அதைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் ஈர வாடை.

"ஒரே ஒரு தடவ பாடுங்க," என்றார். "அவ வந்தாளான்னு மட்டும் சொல்லுங்க."

மரகதம் பாடினாள். கும்காரம் எழுந்தது. மூச்சு வந்தது. இந்த முறை அவள் கழுத்து மயிர் அசையும் அளவுக்குக் கிட்டத்தில். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றால் இந்த மனிதர் இனி அந்தப் பாயை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றியது.

"இல்லீங்க," என்றாள். "யாரும் வரல."

அவர் மிருதங்கத்துக்கு உறையைப் போட்டார்.

"அப்போ நெசமாவே போயிட்டா," என்றார். அடக்கத்தன்றுகூட அழாதவர் அப்போது அழுதார்.

சுவிசேஷமுத்து தேறிவிட்டார். மெல்ல மெல்லக் கச்சேரிகள் திரும்பி வந்தன. அவருடைய இடது கை பிறகு ஒருபோதும் தப்பான இடத்தில் இறங்கவில்லை.

மரகதம் அன்று மலையிலிருந்து இறங்கிய வாரமே கோயமுத்தூரில் பாடினாள். வேறொருவர் மிருதங்கம். நிதானமான அந்தப் பாட்டு வந்தது. வரியின் நடுவில் அவள் குரல் தானாக நின்றது. காதோரம் அதே மூச்சு கேட்டது. அது முழுதாக வாங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மரகதம் அடுத்த சொல்லை எடுத்தாள்.