அழிக்காத பெயர்

படையில் எல்லோரும் அவனைத் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு அல்ல, கிண்டலுக்கு. ஏழு நிலவுகளை ஆண்ட பிரபுவின் ஒரே மகன் அவன். பட்டத்தை உதறிவிட்டு, பேரரசை எதிர்த்த கலகக்காரர்களோடு சேர்ந்து, மற்றவர்களைப் போலவே கப்பலின் கழிவுக் குழாயைக் கழுவினான். ஆனால் கையுறை போட்டுக்கொண்டு கழுவினான். பெயர் ஒட்டிக்கொள்ள அது போதாதா?

பட்டம் துறந்த அன்று, எல்லாக் கிரகங்களுக்கும் கேட்கும்படி வானொலியில் முழங்கினான்: "இன்றோடு எனக்கு அப்பா இல்லை!" பிரபுவும் சளைக்கவில்லை. "எனக்கும் பிள்ளை இல்லை. குலப்பதிவிலிருந்து அவன் பெயரை அழித்தாயிற்று" என்றார். இரண்டு தரப்பும் கைதட்டின. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சில வருடங்கள் கழித்துக் கலகப்படை பிரபுவின் கோட்டை நிலவில் இறங்கியது. பேரரசின் எரிபொருளில் பாதி அங்கேதான் இருந்தது. கதவைக் குண்டு வைத்துத் தகர்த்தால் எல்லோரும் சேர்ந்தே பரலோகம் போக வேண்டியதுதான். பிரபுவோ, பதிவில் இருக்கும் வாரிசோ கை வைத்தால் மட்டும் அது திறக்கும்.

தளபதி ஒரு காலத்தில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவள். துரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கையை வச்சுத்தான் பாரேன், தம்பி."

"பிரயோஜனம் இல்லக்கா. அவர்தான் என்னை அழிச்சுட்டாரே. ஊரே கேட்டுச்சு."

"ஊரு கேட்டுச்சு சரி. கதவு கேட்டுச்சா?"

துரை கை வைத்தான். "யார்?" என்றது கதவு. அவன் தொண்டையைச் செருமி, அப்பா பெயர், தாத்தா பெயர், துறந்த பட்டம் எல்லாவற்றையும் முணுமுணுத்தான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாங்க, சின்னய்யா" என்று கதவு திறந்தது.

வாரிசு வந்துவிட்டதாகக் கோட்டை முழுக்க அறிவிப்பும் கேட்டது. காவலர்கள் சின்னய்யாவைச் சுடுவதா, வணங்குவதா என்று குழம்பி, ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்.

மேல் அறையில் பிரபு காலில் செருப்புகூட இல்லாமல் நின்றிருந்தார்.

"அழிச்சுட்டேன்னு சொன்னீங்களே?" என்றான் துரை.

"சொன்னேன். பலமுறை அழிக்க உக்காந்தும் பார்த்தேன். 'உறுதியாக அழிக்கவா?'ன்னு அந்தப் பாழாப்போன திரை கேக்கும். அதுக்கு மேல கை போகலடா."

"அதனால கோட்டையே போச்சேப்பா!"

"நீ மட்டும் யோக்கியமா? அப்பா இல்லைன்னே. இப்ப என்னவாம் 'அப்பா'?"



வாசலில் தளபதி சங்கடமாக நின்றாள். குலப்பதிவில் பெயர் இருக்கும் பிரபு வாரிசுகள் போர் முடியும் வரை சிறையில் இருக்க வேண்டும் என்பது கலகப்படையின் சட்டம். "உன்னாலதான் ஜெயிச்சோம். ஆனா ஆளுக்கொரு சட்டம் வைக்க முடியாதே, தம்பி" என்றாள். துரை விலங்குக்குக் கைகளை நீட்டினான்.

சிறைக்கப்பலில் அப்பாவையும் பிள்ளையையும் ஒரே அறையில் அடைத்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் இரண்டு தரப்புச் செய்தியும் வந்தது. கோட்டையைத் திறக்கும் போரில் துரை வீரமரணம் அடைந்தான் என்றது கலகப்படை. வெற்றி வீரனே கைதி என்று எப்படிச் சொல்வது? சரணடைய மறுத்துப் பிரபு உயிர் துறந்தார் என்றது பேரரசு.

பிரபு மகனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், தலைநகர்ல உங்கம்மா இதைக் கேட்டுட்டு இருப்பாளேடா!"

துரை எழுந்துபோய் இரும்புச் சுவரை இரண்டு கைகளாலும் அறையத் தொடங்கினான்.

"அக்கா! தளபதியக்கா! எங்கம்மாகிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கக்கா!"

பிரபுவும் வெறுங்காலோடு பக்கத்தில் வந்து நின்று அறைந்தார்.