வெடி வெச்சவர்

என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு வாயைப் பிடிக்கத் தெரியாது. கேரள எல்லையில் இருக்கிற எங்கள் வடகரப்பதியில் காட்டுப்பன்னி சுடப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருக்கிற சிலரில் அவரும் ஒருவர். சொந்தத் துப்பாக்கி, முறையான லைசென்ஸ். விவசாயி கூப்பிட்டால் போவார், சுடுவார், ஆழக் குழி தோண்டிப் புதைக்கிறவரை பக்கத்திலேயே நிற்பார். கறி என்று யாராவது நாக்கைச் சப்புக்கொட்டினால் அன்றைக்கு அவனுக்கு அர்ச்சனைதான்.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் யோசனை கேட்டு வந்தால் என் டீ ஆறிப்போகும்வரை பேசுவார். சத்தத்தைக் கேட்டுச் சுடாதே, உருவம் முழுசாகத் தெரியட்டும். பன்னிக்குப் பின்னால் வீடோ ரோடோ இருந்தால் விசையில் விரலை வைக்காதே. குட்டிகளோடு வருகிற தாயை விட்டுவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, அடிபட்டதைத் துடிக்க விட்டுவிட்டு வீட்டுக்கு வராதே. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இந்தக் கடைசிப் பேச்சுத்தான் அவரைத் தமிழ்நாட்டு வனத்துறை ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் பூபதிராஜா போன் செய்தார். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது, கடலை போட்டிருந்தார். "அக்கா, அண்ணன வரச் சொல்லுங்க. ஒத்தப் பன்னி கடலைக்குள்ள நிக்குதுங்க. தொரத்துனாலும் ஓட மாட்டீங்குது" என்றார். இவர் போய்ச் சுட்டார். விலாவில் பட்டது. நின்ற பன்னி, எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, எல்லைத் தடத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டது.

தடத்துக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பஞ்சாயத்து அனுமதி தடத்தோடு முடிந்தது. எந்தப் புத்தியுள்ள ஆளும் அத்தோடு திரும்பியிருப்பான். இவர் வீட்டுக்கு வந்து தோட்டாவை உருவி, துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கழியோடு ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

"விட்டுத் தொலைங்களேன்" என்று கத்தினேன்.

"உசுரோட கெடந்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

பன்னி தோப்புக் குழியில் செத்துக் கிடந்தது. தோப்புக்காரர் சொல்லி வனத்துறை வாட்சர்கள் அதற்குள் வந்திருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் கீழ்த்தாடை இல்லை. யார் வேலை இது என்று கேட்டிருக்கிறார்கள். என் வீட்டு அரிச்சந்திரன் முன்னால் போய், "நாந்தானுங்க வெடி வெச்சேன்" என்றிருக்கிறார்.

எங்கள் பக்கம் துப்பாக்கியால் சுட்டாலே வெடி வெச்சாச்சு என்றுதான் சொல்வோம். மலையாளம் கலந்த வாய். பஞ்சாயத்து ஆபீஸிலும் அப்படித்தான் பேச்சு. தடம் தாண்டினால் அர்த்தமே வேறு. அங்கே வெடி வைப்பது என்றால் அவுட்டுக்காய் வைப்பது. தீனிக்குள் நாட்டு வெடியை உருட்டி வைப்பார்கள், பன்னி கடித்ததும் வாயே சிதறிவிடும். அந்தக் கேஸில் மாட்டினால் சுலபத்தில் வெளியே வர முடியாது. இவர் சொன்ன வார்த்தைக்கு அத்தாட்சி மாதிரி தாடை இல்லாத பன்னி வேறு பக்கத்தில் கிடந்தது.

செய்தி கேட்டதும் பஞ்சாயத்து அனுமதிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூபதிராஜாதான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் புலம்பினேன், அவர் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸில் இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு.

ரேஞ்சரிடம் போய், "ஏனுங்க சார், எங்கூருல வெடி வெக்கறதுன்னாச் சுடறதுங்க" என்றேன். பஞ்சாயத்து அனுமதியை நீட்டினேன். மலையாளம் படிக்கத் தெரிந்த வாட்சர் ஒருவர் எழுத்துக் கூட்டி, "வெடிவெச்சுக் கொல்ல அனுமதின்னு இருக்கு சார்" என்றார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"வார்த்தைய விடுங்கம்மா. துப்பாக்கி தாடையப் பிச்சு எடுக்குமா?" என்றார் ரேஞ்சர்.

பன்னியை அறுத்துப் பார்க்கக் கால்நடை டாக்டர் வந்தார். கெட்டிக்காரப் பெண். கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "விலாவுல தோட்டா இருக்கு சார், அது இன்னைக்குப் பட்டது. வாய்க் காயம் பழசு. புழு வெச்சிருக்கு. ஒரு வாரமாவது ஆகியிருக்கும். தின்ன முடியாம வயிறு காலியாக் கெடக்கு. இவரு சுடலேன்னாலும் பட்டினியிலயே செத்திருக்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன், அதில் நிம்மதியே இல்லை. "அதுதான் ஓடாம நின்னுச்சுங்களா?" என்றார். துண்டை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார். "ஒரு வாரமுங்களா? யாருன்னு தெரியலியே, பாவி."

கதவோரம் நின்ற பூபதிராஜா உள்ளே வந்தார்.

"சார், வெடி வெச்சது நானுங்க."

ரேஞ்சர் நிமிர்ந்தார். "உங்க ஊரு வெடியா, எங்க ஊரு வெடியா?"

"உங்க ஊரு வெடிதானுங்க."

அந்த ஆளை அங்கேயே அறைந்துவிடலாமா என்று இருந்தது. வழியெல்லாம் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தவர்! ஆனால் தேர்தல் சமயம் நினைவுக்கு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். தேர்தல் முடிந்தும் உடனே திரும்பக் கிடைக்கவில்லை. பன்னிகளுக்கு அது கொண்டாட்டம். பூபதிராஜா கடலை விதைத்தார், தோண்டிப் போட்டன. மறுபடி விதைத்தார், மறுபடியும் தோண்டின. எங்கள் வாசலில் வந்து, "துப்பாக்கி வேண்டாங்கண்ணா, சும்மா வந்து நில்லுங்க, உங்க வாசத்துக்காச்சும் ஓடும்" என்று அழாத குறையாகக் கேட்டார். இவர் வெறுங்கையோடு போய் நின்றார். ஒரு பன்னியும் பயப்படவில்லை. துப்பாக்கி திரும்பி வந்தது போன வாரக் கடைசியில்தான். அதற்கு முன்பே பூபதிராஜா எங்கேயோ அவுட்டுக்காய் வாங்கி வைத்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல பூபதி" என்றார் இவர்.

"சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு பயமுங்கண்ணா."

ரேஞ்சர் இவரிடம் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க போலாங்க" என்றார். பூபதிராஜாவைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், என் வீட்டுக்காரர் எழுந்த அதே இடத்தில். இவர் போகவில்லை, அவர் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார். நானும் போகலாம் என்று சொல்லவில்லை.

பூபதிராஜா தன் போனை என்னிடம் நீட்டினார். "தமிழ்ப்ரியாகிட்ட நீங்க சொல்லீருங்கக்கா. எனக்கு வாய் வராது."

தமிழ்ப்ரியா அவர் மனைவி. வெளியே வந்து கூப்பிட்டேன். "அம்மிணி, உங்கூட்டுக்காரர இங்க புடிச்சு வெச்சுட்டாங்க. வெடி வெச்சதுக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"அக்கா, அவருகிட்ட ஏதுங்க துப்பாக்கி? அண்ணன் பேருக்குப் பதிலா இவரு பேர மாத்தி எழுதியிருப்பாங்க. போயி நல்லாக் கேளுங்க. அப்பறம் வரும்போது மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கியாரச் சொல்லுங்க, மறந்துருவாரு."

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். பாவிமகள், இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.